காலணி ஆதிக்கம்

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது நாள். என் மகளின் டைரியில் சிவப்பு மையில் ஒரு தாக்கீது வந்திருந்தது: ‘கறுப்பு ஃபார்மல் ஷூ மட்டுமே அணிந்து வர வேண்டும். ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு அனுமதி இல்லை.’ அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

மகள் எட்டாம் வகுப்பு. கேள்வி கேட்கிற வயது.

“ஃபார்மல்னா என்னப்பா?”

“மரியாதையான ஷூன்னு அர்த்தம்.”

“என் ஷூ யார்கிட்ட மரியாதை இல்லாம நடந்துக்கிச்சு?”

கல்லூரியில் வரலாறு படித்தவனிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் திரேதா யுகத்தில் ஆரம்பிக்கும். ஆரம்பித்தது. பாதியில் அவள் தூங்கிப் போனாள். மீதியை உங்களிடம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நம் நாட்டில் அரசுப் பதவி வகித்த முதல் காலணி ராமருடையது. பரதன் அதைத் தலையில் சுமந்து போய் நந்திகிராமத்தில் அரியணை ஏற்றினான். பதினான்கு வருஷ ஆட்சி. லஞ்சப் புகார் இல்லை, கூட்டணிக் குழப்பம் இல்லை, ஒரு தடவைகூட வாய் தவறிப் பேசி மறுநாள் விளக்க அறிக்கை விடவில்லை. கடித்ததாகக்கூட யாரும் சொல்லவில்லை. இதில் நெகிழ்ந்துபோன வேதாந்த தேசிகர் பாதுகைக்கென்றே 1008 சுலோகம் பாடிவைத்தார். இத்தனைக்கும் அது லேஸ் இல்லாத, பாலிஷ் போடாத, கறுப்பு நிறம் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாத காலணி. இன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு எங்கள் பள்ளி வாசலுக்கு வந்தால் ராமரையே வெளியே நிற்க வைப்பார்கள்.

அடுத்து திண்ணனார். வேட்டைக்குப் போன காலோடு நேரே காளத்தி மலைக்கு வந்தவர். சாமியின் ஒரு கண்ணில் ரத்தம் வழிகிறது. தன் கண்ணை எடுத்து அப்பினார், நின்றது. அடுத்த கண்ணிலும் ரத்தம். தன் இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று அடையாளத்துக்காகக் காலைத் தூக்கி சாமி கண்ணின்மேல் ஊன்றினார். செருப்புக் கால் என்றுதான் ஊரில் கதை சொல்கிறவர்கள் சொல்வார்கள். சிவபெருமான் பதறிப்போய்க் கையைப் பிடித்தது உண்மை. ஆனால் பிடித்தது கண்ணைத் தோண்டப் போன கையை. காலில் என்ன கிடக்கிறது என்று அவர் குனிந்து பார்க்கவே இல்லை. அறுபத்து மூவரில் ஒருவராக அட்மிஷன் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சங்க காலத்தில் செருப்புக்குத் ‘தொடுதோல்’ என்று பெயர். தொடுவது, தோல், முடிந்தது கதை. அதில் ஃபார்மல் தொடுதோல், ஸ்போர்ட்ஸ் தொடுதோல் என்று பிரித்ததாகத் தெரியவில்லை. அந்தக் கால மதுரையில் காலில் அணிகிற சமாசாரம் பற்றி ஒரே ஒரு பெரிய விசாரணை நடந்தது. அதுவும் சிலம்பு பற்றி. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னார்கள், ஊர் எரிந்தது. பள்ளி நிர்வாகங்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

காலைப் பார்த்து ஆளை எடைபோடும் வித்தையில் கரை கண்டவர் பிரான்ஸின் பதினான்காம் லூயி. அவருக்கு உயரம் கம்மி என்பார்கள், ஆசை கம்மியில்லை. குதிகால் உயர்ந்த ஷூ போட்டார், குதிகாலுக்குச் சிவப்பு வர்ணம் பூசினார். அரசவைப் பிரபுக்களைத் தவிர வேறு யாரும் சிவப்புக் குதிகால் போடக் கூடாது என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், குதிகால் என்பதே பாரசீகக் குதிரைக்காரர்களின் ஏற்பாடு. அங்கவடியில் கால் வழுக்காமல் இருக்க அவர்கள் வைத்துக்கொண்டது. வெர்சேல்ஸ் அரண்மனையில் பளிங்குத் தரையில் நடப்பதற்கு எதற்கு அங்கவடி? கேட்க முடியாது. ராஜா போட்டால் அதுதான் ஃபார்மல். அடுத்தடுத்த வாரிசுகளில் பதினாறாம் லூயிக்கு 1793இல் தலையே போயிற்று. புரட்சிக்குப் பிறகு ஆண்கள் தட்டையான ஷூவுக்கு இறங்கி வந்தார்கள். உயரத்தால் வரும் ஆபத்து அப்போதுதான் புரிந்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பள்ளிகள் ‘ஃபார்மல்’ என்று கும்பிடுகிற அந்தக் கறுப்பு ஷூக்களின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். பெண் பார்க்கப் போகிற வீட்டில் நாலு பேரிடம் விசாரிக்கிறோம் இல்லையா, அதுபோல.

முதலில் ஆக்ஸ்போர்டு ஷூ. பெயரே சொல்லும், பல்கலைக்கழகத்துப் பிள்ளை என்று. ஆனால் அது பேராசிரியர்கள் பெற்ற பிள்ளை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனவான்கள் என்றால் உயரமான பூட்ஸ் போட வேண்டும். ஆக்ஸ்போர்டு மாணவர்களுக்கு அதை மாட்டிக் கழற்றுவதற்குள் ஒரு பாடவேளை முடிந்துவிட்டது. பக்கவாட்டில் பிளவு வைத்த குட்டை பூட்ஸுக்கு மாறினார்கள். பிளவு பிறகு லேஸாயிற்று, பூட்ஸ் இன்னும் குட்டையாகி ஷூவாயிற்று என்பது காலணிக்காரர்கள் சொல்லும் வம்சாவளி. ஆக, ஆக்ஸ்போர்டு ஷூ என்பது ‘சார், இது ரொம்ப அசௌகரியமா இருக்கு’ என்று மாணவர்கள் முணுமுணுத்ததில் பிறந்தது. அதைத்தான் இன்றைக்கு, அசௌகரியமாக இருக்கிறது என்று முணுமுணுக்கிற மாணவர்கள் காலில் மாட்டிவிடுகிறோம்.

அடுத்தது புளூச்சர். மேலே இரண்டு காது திறந்து, இடையில் லேஸ் கட்டுகிற மாதிரி. நம் பள்ளி ஷூக்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். பிரஷ்யப் படைத்தளபதி புளூஹரின் பெயர் இது. சிப்பாய்கள் சட்டென்று மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதற்காக வந்த வடிவம். இந்த புளூஹர் யாரென்றால், 1815இல் வாட்டர்லூ சண்டை காலையிலிருந்து நடந்துகொண்டிருக்க, சாயங்காலம் வாக்கில் வந்து சேர்ந்தவர். வந்ததால்தான் வெலிங்டன் பிழைத்தார், நெப்போலியன் தோற்றார். தாமதமாக வந்தவர்களின் குலதெய்வம். அவர் பெயர் கொண்ட ஷூவை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் கேட்டைச் சாத்திவிடுகிறார்கள்.

தோல் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்ட புரோக் ஷூவைப் பார்த்திருப்பீர்கள். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை போடுவார். அயர்லாந்து, ஸ்காட்லாந்து சதுப்பு நிலத்தில் உழைத்த குடியானவர்கள் செருப்புக்குள் போன தண்ணீர் வெளியே வரட்டும் என்று போட்ட ஓட்டையின் பேரன் அது. சேற்றில் நடந்த ஆளின் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் மாப்பிள்ளை மேடையில் போட்டோவுக்கு நிற்கிறார்.

பெண் பிள்ளைகளுக்கு என்று ஒரு ஷூ, மேலே ஒரு வார், பக்கிள். அதற்கு மேரி ஜேன் என்று பெயர். ஏதோ இங்கிலாந்து ராணியின் பெயர் என்று நினைத்திருந்தேன். அமெரிக்கப் பத்திரிகையில் 1902இல் வெளிவர ஆரம்பித்த ‘பஸ்டர் பிரவுன்’ என்கிற படக்கதையில் வரும் சிறுமியின் பெயராம். 1904இல் ஒரு ஷூ கம்பெனி அந்தப் படக்கதையின் பெயர்களை விலைக்கு வாங்கிப் பிள்ளைகள் ஷூவுக்கு வைத்தது. நம் ஊர் நடைமுறையில் சொன்னால், இரும்புக்கை மாயாவி செருப்பு. காமிக்ஸ் புத்தகத்தைப் பைக்குள் வைத்திருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். காலில் போட்டால் ஒழுக்கம்.

அரசர் இல்லை, பேராசிரியர் இல்லை. கலகம் செய்த மாணவன், அவசரச் சிப்பாய், சேற்றுக் குடியானவன், படக்கதைச் சிறுமி. இந்த நாலு பேரும் சேர்ந்துதான் ஃபார்மல். நேற்று சௌகரியத்துக்காகப் போட்டது இன்றைக்கு மரியாதை ஆகிவிடுகிறது. இன்றைக்குச் சௌகரியத்துக்காகப் போடுவதை வாசலில் நிறுத்திவிடுகிறோம், அது நாளைக்கு மரியாதையாகும் வரை.

இந்த மரியாதைக் கணக்கு இந்தியாவுக்கு எப்படி வந்தது? காலனிக்கும் காலணிக்கும் ஒரே ஒரு சுழிதான் வித்தியாசம். வெள்ளைக்காரன் அந்த ஒரு சுழியையும் விட்டுவைக்கவில்லை.

வீட்டுக்குள், கோயிலுக்குள், பெரியவர் முன்னால் செருப்பைக் கழற்றுவது நம் பழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ‘பெரியவர் முன்னால் கழற்றுவீர்களாமே, நாங்கள்தான் இப்போது பெரியவர்கள், கழற்றுங்கள்’ என்றார்கள். அவர்கள் மட்டும் பூட்ஸோடு நம் அரண்மனைகளுக்குள் நடந்தார்கள். பிறகு கல்கத்தாவில் இங்கிலீஷ் படித்த கனவான்கள் இங்கிலீஷ் ஷூவும் போட ஆரம்பித்ததும் சட்டத்தில் சிக்கல் வந்தது. இவன் கழற்ற வேண்டுமா, கூடாதா? மேன்மை தங்கிய கவர்னர் ஜெனரல் சபை 1854இல் உட்கார்ந்து யோசித்து ஒரு தீர்மானம் போட்டது: ஐரோப்பிய பாணி பூட்ஸ், ஷூ என்றால் போட்டுக்கொண்டு உள்ளே வரலாம். நாட்டுச் செருப்பு என்றால் வெளியே கழற்ற வேண்டும். இந்திய மண்ணில் முதல் ஃபார்மல் ஷூ சுற்றறிக்கை என்று இதைத்தான் சொல்லுவேன். பெற்றோர் கையெழுத்து மட்டும் கேட்கவில்லை.

1862இல் சூரத் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு மானெக்ஜி கவாஸ்ஜி என்கிற பார்சிக்காரர் ஷூ காலோடு வந்தார். குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். நீதிபதிக்கு உதவியாக உட்கார வேண்டிய அசெஸர். கழற்று என்றார்கள். மாட்டேன் என்றார். ஒரு பேரரசு, நீராவி ரயில் ஓட்டிய பேரரசு, அப்போதுதான் ஒரு பெரும் கலகத்தை அடக்கிய பேரரசு, ஒரு மனிதரின் காலைப் பார்த்துக்கொண்டு கடிதம் கடிதமாக எழுதித் தள்ளியது. அந்தக் காலத்துக் கோப்புகளில் இந்த வகை விவகாரத்துக்குப் பெயரே ‘ஷூ கேள்வி’.

பர்மாவில் கதை தலைகீழ். அங்கே ராஜா முன்னால் வெள்ளைக்காரத் தூதரே பூட்ஸைக் கழற்றித் தரையில் உட்கார வேண்டும். கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1875க்குப் பிறகு இனிமேல் கழற்ற மாட்டோம் என்றார்கள். கழற்றாவிட்டால் தரிசனம் இல்லை என்றது மாண்டலே அரண்மனை. ராஜாவும் தூதரும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதே நின்றுபோனது. 1885இல் சண்டை. காரணம் தேக்கு மர வியாபாரம், பிரெஞ்சுக்காரர் மேல் பயம் என்று பல. ஆனாலும் பேசித் தீர்க்க ஆள் உள்ளே போக முடியவில்லை. காலில் பூட்ஸ் இருந்தது. திபா மன்னரை ரத்னகிரிக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

வெள்ளைக்காரனை மட்டும் சொன்னால் பாவம். நம் ஊர்களிலேயே சில தெருக்களில் சிலர் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று எழுதாத சட்டம் வைத்திருந்தோம். சுற்றறிக்கை இல்லை, கையெழுத்துக் கோடு இல்லை. பார்வை ஒன்றே போதும். இந்த இடத்தில் நகைச்சுவையும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பேசாமல் நடப்பதுதான் முறை. ஒரு மனிதன் காலில் என்ன போட வேண்டும் என்று இன்னொருவன் சொன்னபோதெல்லாம், பேச்சு காலைப் பற்றியதாக இருந்ததே இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பிற்பாடு இதே மண்ணில் காமராஜர் ஆட்சி மதிய உணவு போட்டது, சீருடையும் கொடுத்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று சட்டையைப் பார்த்துத் தெரியக் கூடாது என்பதுதான் சீருடையின் அர்த்தம். 2012இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செருப்பும் இலவசமாக வந்தது. பின்னர் ஷூவும் சாக்ஸும். சீருடை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: கொடுத்துவிட்டுப் போடச் சொல்வது. வாங்கிவந்து போடு என்பது வேறு வியாபாரம்.

வெறுங்காலின் பெருமையையும் கொஞ்சம் பேச வேண்டும். 1911 ஜூலை 29, கல்கத்தா. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்து இறுதிப் போட்டி. ஒரு பக்கம் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட், பதினொரு ஜோடி பூட்ஸோடு. எதிரே மோகன் பகான். பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். 2-1 என்று வெறுங்கால் ஜெயித்தது. ஊரே கொண்டாடியது. நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு பெரும்பாலும் வெறுங்காலில் ஆடி 2-1 என்று தோற்றோம். அதிலும் இரண்டு பெனால்டியை வீணடித்தோம். பரவாயில்லை, வீரம். 1952இல் ஹெல்சிங்கி. குளிர். யூகோஸ்லாவியா பத்துக் கோல் போட்டது. நாம் ஒன்று. அதற்கப்புறம்தான் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. 1956 மெல்போர்னில் பூட்ஸ் கால்களோடு ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, ஒலிம்பிக்கில் நான்காவது இடம் வரை போனோம். பெருமைக்காகக் கழற்றினாலும் தப்பு, பெருமைக்காக மாட்டினாலும் தப்பு. ஓடுகிறவனுக்கு ஓடுவதற்கு ஏற்றது வேண்டும்.

ஓடுவதற்கு ஏற்றதற்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு சார்லஸ் குட்இயர் வேண்டும். வெயிலில் உருகி, குளிரில் கல்லாகிற ரப்பரை வழிக்குக் கொண்டுவர ஆயுசையே செலவழித்த அமெரிக்கர். 1839இல் கந்தகம் கலந்த ரப்பர் சூட்டில் பட்டு இறுகியது, வழி பிறந்தது. ரப்பருக்குத்தான் பிறந்தது, அவருக்கு இல்லை. 1860இல் சுமார் இரண்டு லட்சம் டாலர் கடனோடு கண்ணை மூடினார். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனிக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

ரப்பர் அடி, துணி மேல் என்று இங்கிலாந்தில் ஒரு மலிவு ஷூ வந்தது. துணியும் ரப்பரும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு. கப்பலில் இதற்கு மேல் சரக்கு ஏற்றக் கூடாது என்று சாமுவேல் பிளிம்சால் சண்டை போட்டு வரையவைத்தாரே, அந்தக் கோடு மாதிரி இருக்கிறது என்று ஷூவுக்கும் ‘பிளிம்சால்’ என்றே பெயர் வைத்தார்கள். கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறினால் கப்பலும் காலி, காலும் காலி. அமெரிக்காவில் பையன்கள் வேறு பெயர் வைத்தார்கள். தோல் ஷூ டக்டக் என்று காட்டிக்கொடுத்துவிடும். ரப்பர் அடி பூனைக்கால். சத்தமில்லாமல் பதுங்கிப் போகலாம். அதனால் ஸ்னீக்கர். 1887 வாக்கிலேயே பாஸ்டன் பத்திரிகையில் இந்தச் சொல் வந்துவிட்டது. வாத்தியார்களுக்கு இந்த ஷூ மேல் இருக்கும் ஜென்மப் பகைக்கு மூலகாரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது நம் கட்சிக்கு முக்கியமான சாட்சியைக் கூப்பிடுகிறேன். பாட்டா. கன்னியாகுமரிப் பக்கம் பாட்டா என்றால் தாத்தா. தாத்தா காலத்திலிருந்து இருக்கிற கம்பெனி, நம் ஊர்க் கம்பெனி என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செக் நாட்டு ஸ்லின் ஊரில் 1894இல் தொடங்கியது. கல்கத்தா பக்கத்தில் ஹூக்ளிக் கரையில் பாட்டாநகர் என்று ஒரு ஊரையே கட்டிக்கொண்டது. அங்கே 1936இல் ‘பாட்டா டென்னிஸ்’ என்ற ரப்பர் அடி கேன்வாஸ் ஷூவை உருவாக்கினார்கள். யாருக்காக? இந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சி வகுப்புக்காக என்று அந்தக் கம்பெனியே சொல்லிக்கொள்கிறது. கனம் கோர்ட்டார் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் ஷூ என்பது இந்தியப் பள்ளிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த ஆசாமி இல்லை. பள்ளிக்கென்றே பெற்று வளர்த்த பிள்ளை. சொந்த வீட்டு வாசலில் அதை நிற்க வைத்திருக்கிறோம்.

அந்தப் பிள்ளையோடு எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு. பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே புதன், வெள்ளி வெள்ளைச் சீருடை, வெள்ளை கேன்வாஸ் ஷூ. ‘வளர்ற பிள்ளை’ என்ற காரணத்தால் அப்பா எப்போதும் இரண்டு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார். முன்னால் பஞ்சு. ஜூனில் பஞ்சு அதிகம், மார்ச்சில் குறைவு. நான் வளர்ந்ததற்கு அதுதான் அளவுகோல். பஞ்சு முழுக்கத் தீர்ந்து விரல் ஷூவைத் தொடுகிற சமயம் பார்த்து ஷூ கிழிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஷூவைத் துவைத்துக் கிணற்றடிச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் காயாது. காயாத ஷூவைப் போட்டு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ‘சளக், சளக்’ என்று ஒரு குட்டிக் குளம் கூடவே வரும். வெள்ளை பெயிண்ட் புட்டி வாங்கிக் கொடுக்க வீட்டில் வசதி இல்லாதவர்களுக்கு சாக்பீஸ். புதன்கிழமை காலை பிரேயருக்கு ஐந்து நிமிஷம் முன்னால் எங்கள் வகுப்புக் கரும்பலகைக்குக் கீழே ஒரு சாக்பீஸ் துண்டு மிஞ்சாது. கணக்கு வாத்தியார் வந்து தேடுவார். நாற்பது ஜோடி ஷூக்கள் அவரைப் பார்த்து வெள்ளையாகச் சிரிக்கும். டிரில் மாஸ்டர் வரிசையில் நடந்து வரும்போது எவனாவது பின்னங்காலைத் தரையில் தட்டிவிட்டால் புகை கிளம்பும்; மாட்டிக்கொள்வான். மற்ற நாளில் கறுப்பு ஷூ. அதற்கு ஒரே பாலிஷ், வலது காலைத் தூக்கி இடது கால் பேன்ட்டின் பின்பக்கத்தில் இரண்டு தேய்ப்பு, பிறகு கால் மாற்றி. சாக்ஸ் எலாஸ்டிக் போயிருந்தால் ரப்பர் பேண்ட். சாயங்காலம் கழற்றும்போது காலில் சிவப்பு வளையம் விழுந்திருக்கும். பரிசோதனையில் ஷூ மினுக்குகிறதா என்று குனிந்து பார்த்தவர் பலர். காலில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தவர் ஒருவரையும் எனக்கு நினைவில்லை.

பள்ளித் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் வரலாறு படித்ததற்கு அர்த்தமில்லை. ஸ்போர்ட்ஸ் ஷூ என்றாலே பிராண்ட் என்றாகிப்போனதற்கு வேர், ஜெர்மனியில் ஹெர்ட்சோகன்ஆராக் என்கிற சின்ன ஊர். அங்கே அடால்ஃப், ருடால்ஃப் என்று இரண்டு டாஸ்லர் சகோதரர்கள். அம்மா துணி துவைக்கிற அறையில் தொழில் ஆரம்பம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் இவர்கள் செய்த ஷூவில் ஓடினார். ஹிட்லர் முகம் சுண்டியது, வியாபாரம் சூடு பிடித்தது. பிறகு நம் ஊர்ப் பங்காளிச் சண்டைக்குக் கொஞ்சமும் குறையாத ஒரு சண்டை. 1948இல் பாகப்பிரிவினை. தம்பி அடால்ஃப் என்கிற அடி டாஸ்லர் தன் பெயரைச் சேர்த்து அடிடாஸ் என்றார். அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் பூமா ஆரம்பித்தார். ஊரே இரண்டாகப் பிரிந்தது. எதிரில் வருகிறவன் எந்தக் கட்சி என்று தெரிய முதலில் ஷூவைக் குனிந்து பார்ப்பார்களாம். ‘கழுத்து குனிந்த ஊர்’ என்றே அதற்குப் பெயர். பள்ளி முதல்வர்கள் பயப்படுவது இதற்குத்தான்: வகுப்பறை ஒரு குட்டி ஹெர்ட்சோகன்ஆராக் ஆகிவிடக் கூடாது.

பயத்தில் தப்பில்லை. ஆனால் தடை போடுவதால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1984இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் கறுப்பும் சிவப்புமாக ஒரு ஷூ போட்டு விளையாடினார். சீருடை விதிக்குப் பொருந்தவில்லை என்று கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. கடிதம் எழுதியது. ஷூவைக் கொடுத்த நைக்கி என்ன செய்தது? மன்னிப்புக் கேட்கவில்லை, ‘இதைத் தடை செய்துவிட்டார்கள்’ என்பதையே விளம்பரமாக எடுத்து ஓட்டியது. ஏர் ஜோர்டான் எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மேல் விற்றது. கூடாது என்று டைரியில் சிவப்பு மையில் எழுதுவதைப் போல ஒரு சிறந்த விளம்பரத்தை எந்தக் கம்பெனியாலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

இன்னும் இரண்டு சங்கதி சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷம் ஃபார்மல் ஷூவிலேயே வளர்ந்த பிள்ளை, வாழ்க்கையைத் தீர்மானிக்கும் நீட் தேர்வு எழுதப் போகிறது. அங்கே விதி என்ன? ஷூ கூடாது. குதிகால் உயராத செருப்புப் போட்டு வா. பீகாரில் 2018இல் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கே ஷூவும் சாக்ஸும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிட் ஒளித்துவைக்க வசதியான இடமாம். ஒழுக்கத்தைக் கற்றுத்தரும் என்று நாம் நம்பிய அதே ஷூவைப் பரீட்சை நாளில் வாசலில் வைத்துச் சந்தேகப்படுகிறோம்.

இரண்டாவது, செய்யாறு. அங்கே சிப்காட்டில் நைக்கிக்கு ஷூ தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் ஷிப்ட் பஸ்ஸில் போய் வருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் ஷூ. இரண்டு வகையும் நம் ஊரிலேயே, நம் அக்கா தங்கைகள் கையாலேயே. அம்மா தைத்து உலகத்துக்கு அனுப்புகிற ஷூ வகையை, மகள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனால் வெளியே நில் என்கிறோம்.

ராத்திரி பதினொரு மணிக்குக் கையெழுத்துக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே இருந்த இடத்தில் எழுதியது இது:

‘மதிப்புக்குரிய முதல்வருக்கு, வணக்கம். சீருடை வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. நிறத்தை நீங்கள் சொல்லுங்கள். கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. பிராண்ட் சின்னம் வெளியே தெரியக் கூடாது என்று சொல்லுங்கள், பளபளக்கும் பட்டை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் கட்டுப்படுகிறோம். ஆனால் பிள்ளைகள் ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அதைப் போட்டிருக்கிறார்கள்; சென்னை வெயிலில் பஸ்ஸுக்கு ஓடுவது, மாடிப்படி ஏறுவது, இடைவேளையில் விளையாடுவது எல்லாம் அதே ஷூவில்தான். வாரம் முழுக்க ஒரே ஜோடி போதும்படி, மிருதுவான ரப்பர் அடி உள்ள சாதாரண ஷூவை அனுமதியுங்கள். பரிசோதனை செய்வதென்றால் மினுமினுப்பைப் பார்க்க வேண்டாம். கடிக்கிறதா என்று கேட்டால் போதும்.’

இதை எழுதி ஒரு மாதம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. மகளுக்குக் கறுப்பு ஃபார்மல் ஷூ ஒன்று வாங்கிவிட்டோம். வளர்கிற பிள்ளை என்பதால் ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுத்தேன். முன்னால் கொஞ்சம் பஞ்சு வைத்திருக்கிறது.